மகேந்திரகிரியில் உறுமுகிற இன்ஜின் விண்வெளியில் ஏன் கேட்காது?

மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜினைச் சோதித்தால் சுற்றுப்பட்டு ஊர்களில் கேட்கிறதே, அதே இன்ஜின் விண்வெளியில் எரிந்தால் ஏன் கேட்காது என்று பணகுடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

ஒலி தனியாகப் பறந்து வருகிற பொருள் இல்லை தம்பி. இன்ஜின் பக்கத்துக் காற்றை இடிக்கிறது, இடிபட்ட காற்று மூலக்கூறு அடுத்ததை இடிக்கிறது, அது அதற்கடுத்ததை, இப்படியே அந்த இடி கைமாறிக் கைமாறி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் நம் செவிப்பறைக்கு வந்து சேர்கிறது. காற்றுதான் வேண்டும் என்றில்லை; நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் கல்லே அதிர்கிறது, தாமிரபரணியில் முங்கினால் தண்ணீருக்குள்ளும் கேட்கும், அதுவும் காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாக. ஆனால் இடிபட ஏதாவது இருக்கணுமே! பூமியைத் தாண்டி கோள்களுக்கு நடுவே ஒரு கன சென்டிமீட்டரில் சில துகள்கள்தான், ஒன்றையொன்று மோதுவதே அபூர்வம்.

அப்புறம் சந்திரயான் எப்படிப் பேசியது? ரேடியோ அலையில். அது ஒளியின் இனம், ஊடகமே வேண்டாம்.

இன்னொன்று, விண்வெளியிலும் வாயு இருக்கிற இடத்தில் ஒலி ஓடும்: பெர்சியஸ் என்கிற விண்மீன் மண்டலக் (கேலக்ஸி) கூட்டத்தின் சூடான வாயுவில் அழுத்த அலை, அதாவது ஒலி அலை, ஓடுவதை 2003இல் நாசாவின் சந்திரா விண்வெளித் தொலைநோக்கி மூலம் கண்டார்கள். ஒரு அதிர்வுக்கே ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு ஆகும், எந்தக் காதுக்கும் எட்டாது.