"மஞ்ஜாரே" மட்டும் போதுமா என்று கேட்ட தம்பிக்கு

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோவுக்கு வந்து இரண்டு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இத்தாலிய வினைச்சொல்லுக்கு ஏழு மோதோ (வினைப் பாங்கு), எல்லாம் சேர்த்து 21 காலம் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். அவ்வளவையும் பாடமாக்க வேண்டுமா, அல்லது அறையில் இருக்கும் அண்ணன்மார் சொல்வதுபோல "பார்லாரே" (பேச), "மஞ்ஜாரே" (சாப்பிட) என்று மூலச்சொல்லை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா? கூடவே அறை வாடகை எவ்வளவு, மிலானோவுக்குப் போனால் சம்பளம் கூடுமா என்றும் கேட்கிறார்.

வாடகையையும் மிலானோவையும் அங்கே இருக்கிற சொந்தக்காரர்களிடம் கேளுங்கள் தம்பி. நான் 1993இல் வந்து இறங்கியதிலிருந்து இந்த ஊரை விட்டுப் போகவில்லை. வினைச்சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அறைக்கார அண்ணன்மார் சொன்ன அதே புத்திமதியை எனக்கும் அன்று சொன்னார்கள். நானும் கேட்டு நடந்தேன்.

அப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் லவாபியாத்தி வேலை, அதாவது கோப்பை கழுவுவது. குசினிக்குள் யாரும் என்னிடம் முழு வசனம் பேசவில்லை. "தூ லவாரே", "தூ வெனீரே தொமானி". நீ கழுவ, நீ நாளை வர. வெளிநாட்டுக்காரனுக்கு விளங்கட்டும் என்று அவர்களே மொழியை முறித்துத்தான் தந்தார்கள். அதுதான் இத்தாலியம் என்று நானும் நம்பினேன். கடையில் அதனால் ஒரு குறையும் வரவில்லை, தட்டு கழுவுவதற்குக் காலம் தேவையில்லை.

1996இல் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன், காலையில் முதல் ஆள் அவள்தான். தாதி வந்து என்னைப் பார்த்து "ஆ மஞ்ஜாத்தோ?" என்று கேட்டார். எனக்குக் கேட்டது "மஞ்ஜ" என்ற தலைதான். பிறகு சாப்பிடலாமா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு, "மஞ்ஜாரே, சீ" என்றேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். நானும் அதையே இன்னும் உறுதியாகச் சொன்னேன். முதல்நாள் இரவிலிருந்து அவள் வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. ஆனால் தாதி கேட்டது "சாப்பிட்டாரா?" என்று, நான் சொன்னது "சாப்பிட, ஆம்" என்று. கட்டிலைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒப்பரேசன் அடுத்த நாளுக்குப் போயிற்று. இன்னொரு பகலும் இரவும் பட்டினியோடும் வலியோடும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சொல்லியிருக்க வேண்டியது "நோன் ஆ மஞ்ஜாத்தோ", சாப்பிடவில்லை. அந்த "ஆத்தோ" என்ற வால் என்னிடம் இல்லை.

அதனால் தம்பி, மூலச்சொல்லில் நின்றுவிடாதீர்கள். அது மெல்லப் பழகிவிடும், பழகியபின் உடைப்பது கடினம். இருபது வருடமாக "இயோ அந்தாரே" (நான் போக), "இயோ நோன் கபீரே" (நான் விளங்க இல்லை) என்றே பேசுகிற நம்மவர்களை எனக்குத் தெரியும். நல்ல உழைப்பாளிகள், வீடு வாங்கியவர்கள். அவர்களில் பலர் "அடுத்த வருடம் லண்டன்" என்று சொல்லிச் சொல்லியே மொழியைத் தள்ளிப்போட்டவர்கள். லண்டனும் போகவில்லை, இத்தாலியமும் வரவில்லை. இன்று டொக்டரிடம் போக மகளுக்கு லீவு எடுக்கச் சொல்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் நோகும்.

இனி அந்த 21. பயப்படாதீர்கள், ஒழுங்கான வினைகள் நமக்கு இலகு. "பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ" என்பது பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார் என்பதுதான். யார் என்பது வாலிலேயே இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் "இயோ, இயோ" என்று வைப்பார்கள். தமிழில் யோசித்தால் அது தானாக விழுந்துவிடும். மூலச்சொல்லின் வாலைப் பார்த்து "ஆரே, ஏரே, ஈரே" என்று மூன்று குடும்பம். மூன்றாவதில் சில வினைகளுக்கு நடுவில் ஒரு "இஸ்க்" ஏறும்: "கபீஸ்கோ, கபீஷி, கபீஷே", ஆனால் "கபியாமோ" என்று வரும்போது அது இறங்கிவிடும். "பார்லனோ" என்பதில் அழுத்தம் "பார்" மேல். நம்மவர்கள் "லா"வை இழுத்துப் "பார்லா...னோ" என்பார்கள், அது வேண்டாம்.

ஒன்று மிக முக்கியம்: கொப்பியில் தமிழ் எழுத்தால் எழுதாதீர்கள். என் முதல் கொப்பி முழுவதும் அப்படித்தான். "பேரே" என்று எழுதி வைத்தேன். குடிப்பது என்ற வினையும் அதுதான், பெயார்ஸ் பழங்களும் அதுதான். குடிப்பதற்கு முதலெழுத்து b, பழத்துக்கு p, நம் "ப" இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அவர்களின் எழுத்திலேயே எழுதுங்கள். ஆனால் காது விஷயத்தில் தமிழன் கொடுத்துவைத்தவன். "பார்லெரெமோ" என்றால் பேசுவோம், உறுதி. "பார்லெரெம்மோ" என்றால் பேசுவோம்தான், ஆனால் ஒரு "ஆனால்" பின்னால் நிற்கிறது. ஒரு "ம்" கூடியதுதான் வித்தியாசம். கனியையும் கன்னியையும் பிரித்துக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒரு பாரமே இல்லை.

எதை முதலில் படிப்பது? நிகழ்காலம். உடனே "ஓ மஞ்ஜாத்தோ", சாப்பிட்டேன், என்கிற இறந்தகாலம். போவது வருவது போன்றவற்றுக்கு "சோனோ அந்தாத்தோ", பெண் என்றால் "அந்தாத்தா". அப்புறம் "பார்லாவோ, தொர்மீவோ" என்ற பழைய வழக்கத்தைச் சொல்கிற காலம், இதுதான் எல்லாவற்றிலும் இலகு. எதிர்காலத்தை ஆறுதலாகப் படிக்கலாம், சிசிலிக்காரரே "தொமானி வெங்கோ", நாளை வருகிறேன், என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் சில ஆசிரியர்கள் பஸ்ஸாத்தோ ரெமோத்தோ, அதாவது எப்போதோ முடிந்துபோனதைச் சொல்லும் இறந்தகாலம், புத்தகத்துக்கு மட்டும் உரியது என்பார்கள். வடக்கில் பேச்சைப் பொறுத்தவரை அது சரி. இங்கே பலெர்மோவில் இன்று காலை நடந்ததற்கும் கிழவிகள் அதைத்தான் எடுப்பார்கள். அதைக் காதால் அறிந்து வைத்திருங்கள்.

இதற்கெல்லாம் மேலாக, "லேய்". உங்கள் அட்டவணையில் மூன்றாம் வரிசையில் "அவள்" என்று போட்டிருப்பார்கள். ஆண் பெண் யாராக இருந்தாலும் மரியாதைக்குப் பேசும் வடிவமும் அதுதான். ஏவலில் வால் அப்படியே மாறி உட்காரும். எழுது என்றால் "ஸ்க்ரீவி", எழுதுங்கள் என்றால் "ஸ்க்ரீவா". பொறு என்றால் "அஸ்பெத்தா", பொறுங்கள் என்றால் "அஸ்பெத்தி". ஒரு குடும்பத்தில் "ஆ" இருக்கிற இடத்தில் மற்றதில் "இ". நமக்குப் புதிதில்லை, வா, வாருங்கள் என்று மரியாதையை வினையின் வாலில் கட்டி வைத்தவர்கள்தானே நாம்.

ஆனால் சிக்கல் இதுதான்: முதலாளி உங்களோடு "தூ" என்றே பேசுவார். காதில் விழுவது எல்லாம் "தூ" வடிவம், வாயில் வருவதும் அதுவே. ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்க்கும் வேலைக்கு நான் போனபோது, சூப் கோப்பையை வைத்து "மஞ்ஜா, சிஞ்ஞோரா" என்றேன். பிள்ளைக்குச் சொல்வதுபோல, சாப்பிடு. ஒரு கிழமை பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள் கரண்டியைத் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து "மஞ்ஜி" என்றார். எனக்கு விளங்கவில்லை. "மஞ்ஜி" என்று மறுபடி. நான் "மஞ்ஜி, சிஞ்ஞோரா" என்றபின்தான் கரண்டியை எடுத்தார். அன்றிலிருந்து அவரும் என்னை "லேய்" என்றே அழைத்தார், ஒன்பது வருடம், கண்ணை மூடும்வரை. அந்த வீட்டில் பின்னர் நான் சொந்த மகன்போல நின்று எல்லாம் செய்தேன்.

லேய் வடிவம் கேட்க வேண்டுமானால் பஸ்ஸில் போங்கள். கதவடியில் நின்றால் பின்னால் இருப்பவர் "ஷெந்தே?", இறங்குகிறீர்களா, என்பார். மருந்துக்கடையில் வரிசையில் நின்று காது கொடுங்கள். ஒரு அலுவலகக் கவுன்டரில் எனக்கு முன்னால் நின்ற இத்தாலியருக்கு "மி தீக்கா", சொல்லுங்கள். அடுத்து நான். எனக்கு "தீம்மி", சொல்லு. முப்பது வருடமாக இது எனக்குச் சுடுகிறது. நான் சண்டை பிடிப்பதில்லை. "ஸ்கூஸி" என்று தொடங்கி, முழுவதும் லேய் வடிவில், ஒரு வாலும் பிசகாமல் பேசுவேன். பாதிப்பேர் இரண்டாவது வசனத்தில் மாறிவிடுவார்கள்.

பரீட்சை விஷயம் சுருக்கமாக: ஐந்து வருடத்துக்குப் பின் எடுக்கும் நீண்டகாலப் பெர்மெஸ்ஸோவுக்கு (வதிவிட அனுமதி) ஏ2 என்ற மொழித் தரம், குடியுரிமைக்கு 2018 கடைசியிலிருந்து அதற்கு மேலான பி1. பெரியவர்களுக்கான அரச வகுப்பை சிபிஐஏ என்பார்கள், கிட்டத்தட்ட இலவசம். இந்தக் கிழமையே போய்ப் பெயரைப் பதியுங்கள். ஐயம், விருப்பம் போன்றவற்றைச் சொல்லும் கொஞ்ஜுந்தீவோவைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். இங்கே பிறந்த என் மகள் அதில் இன்னும் என்னைத் திருத்துகிறாள், நானும் திருத்திக்கொள்கிறேன்.

செப்டம்பர் 4 வருகிறது, பலெர்மோவின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவின் திருநாள். அதற்கு முதல்நாள் இரவு மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி அவரிடம் போவோம், சைவம் வேதம் என்று பாராமல் நம்மவர்கள் ஏறுவார்கள், நீங்களும் வாருங்கள். 1994இல் வெறுங்காலோடு ஏறியபோது பக்கத்தில் ஒரு பலெர்மோ அம்மா, அவரும் வெறுங்கால். வழி முழுக்க என்னோடு கதைத்தார், பாதிகூட விளங்கவில்லை. பிறகு பார்த்தால் எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடி. இப்போது எண்பது தாண்டிவிட்டார், படியேற முடியாது. நான் வேலை முடிந்து வரும் சத்தம் கேட்டால் கதவைக் கொஞ்சம் திறந்து "மஞ்ஜாஸ்தி?" என்று கேட்பார், நம் ஊர் மாமிமார் "சாப்பிட்டாச்சோ?" என்பதுபோல. நேற்றும் கேட்டார். நான் "மஞ்ஜாயி", சாப்பிட்டேன், என்றேன், அப்படியிருந்தும் ஒரு தட்டு எடுத்து வந்தார்.