ட்ரெய்லர் மேல் பாப்-அப் கேம்பர்: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் இறக்கி வைக்கிற பெட்டி வீடுதான் கேம்பர். ஓடும்போது கூரை படிந்திருக்கும். நிறுத்திவிட்டுக் கூரையைத் தூக்கினால் சுற்றிலும் கேன்வாஸ் விரிந்து, உள்ளே நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கும். அதுதான் பாப்-அப் வகை. அதைப் பிக்கப்பில் வைக்காமல், சாதாரண சரக்கு ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துப்போகலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். லாரி பாடி, ட்ரெய்லர் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சூரமங்கலத்திலிருந்து: பிக்கப்பிலேயே வைத்துவிடலாமே, எதற்கு ட்ரெய்லர்?

நம்ம ஊரில் கிடைக்கிற டபுள் கேப் பிக்கப்புகளில், ஹைலக்ஸ் ஆனாலும் வி-கிராஸ் ஆனாலும், தொட்டி நீளம் ஐந்தடியை ஒட்டித்தான் இருக்கும். அமெரிக்கக் கேம்பர்கள் பெரும்பாலும் ஆறரை அடி, எட்டடித் தொட்டிக்கு அளவெடுத்தவை. ஐந்தடியில் வைத்தால் பின்பக்கம் வெளியே தொங்கும், முன் சக்கரத்தின் பிடி குறையும். ட்ரெய்லர் என்றால் தளத்தின் அளவு நம் கையில். இன்னொரு வசதி, போன இடத்தில் கழற்றி நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றலாம்.

ஆத்தூர் அண்ணன் ஒருவர்: ட்ரெய்லரில் கேம்பரை முன்னால் தள்ளி வைப்பதா, நடுவிலா, பின்னாலா?

அண்ணே, இந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை டிராபார் (ட்ரெய்லரின் முன்னால் நீளும் இழுவைச் சட்டம்) முனையில், அதாவது இழுக்கும் வண்டியின் பின்னால் அதை மாட்டுகிற ஹிட்ச் பந்தின் மேல், உட்கார வேண்டும். குறைந்தால் வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். அதிகமானால் இழுக்கிற வண்டியின் பின்பக்கம் அமுங்கி, ஸ்டீயரிங் லேசாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேம்பர் 550 கிலோ. அதன் எடை மையத்தைப் பல கம்பெனிகள் பக்கவாட்டிலேயே குறி போட்டுக் கொடுக்கும். அந்தக் குறி ஆக்சிலுக்கு 40 செ.மீ. முன்னால் நிற்கிறது, ஆக்சிலிலிருந்து ஹிட்ச் வரை 3 மீட்டர் என்று வையுங்கள். 550-ஐ 0.4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் சுமார் 73 கிலோ. 300 கிலோ ட்ரெய்லரின் சொந்த எடை மையம் 25 செ.மீ. முன்னால் என்றால் அதிலிருந்து 25 கிலோ. ஆக 98. மொத்தம் 850 கிலோவுக்கு இது பதினொன்றரை சதவீதம், நல்ல நிலை. இப்போது 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் மாட்டி நிரப்புங்கள். 24 கிலோ கழிந்து 74-க்கு வந்துவிடும். மொத்தமோ 910 ஆகிவிட்டது. எட்டு சதவீதம்தான்! தண்ணீர், பேட்டரி, ஸ்டெப்னி எல்லாம் எங்கே போகிறது என்று முடிவு செய்யாமல் ஆக்சிலை வெல்டு வைக்கச் சொல்லாதீர்கள்.

வண்டியின் கையேட்டில் ஹிட்ச் தாங்கும் செங்குத்து எடை எவ்வளவு என்று போட்டிருக்கும். சில வண்டிகளில் அது 75 கிலோதான். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரே மறுபடியும்: அந்த முனை எடையை எப்படி அளப்பது? எடை மேடையில் போடலாமா?

மொத்த எடைக்கு எடை மேடை சரி. முனை எடைக்கு வேண்டாம். லாரி மேடை ஐந்து, பத்து கிலோக் கணக்கில்தான் காட்டும். வீட்டில் ஆள் ஏறி நிற்கிற எடைக்கருவி போதும். சமதரையில் ட்ரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கருவி மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, ஹிட்ச் உயரத்திலேயே முனையை அதன் மேல் இறக்குங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து: தளத்தில் எப்படிப் பிடிக்க வைப்பது? நாலு போல்ட் போதுமா?

போல்ட் போட்டு இறுக்குவதைவிட, நடுவில் திருகினால் இழுத்து இறுக்குகிற டர்ன் பக்கிள் நல்லது. பிக்கப் தொட்டிக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு, கேம்பர் நகராது. தட்டைத் தளத்தில் அந்தச் சுவர் கிடையாது. அதனால் முதலில் தளத்தில் கனமான ரப்பர் மேட், பிறகு கேம்பர் அடிப்பெட்டியைச் சுற்றி ஆங்கிள் துண்டுகளை வெல்டு வைத்துத் தடுப்பு, கடைசியில் நாலு மூலையிலும் டர்ன் பக்கிள். முன் இரண்டும் முன்னோக்கிச் சாய்ந்து கீழே இழுக்கட்டும், பின் இரண்டும் பின்னோக்கி. முதல் சில கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். ரப்பர் அமுங்கித் தளர்ந்திருக்கும்.

பக்கவாட்டில் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சட்டத்தின் மேல் உட்கார வைக்காதீர்கள். எடை தாங்க வேண்டியது அடித்தளம். இறக்கைக்குக் கீழே கிடைக்கும் இடத்தில் சாமான் பெட்டி செய்துகொள்ளலாம்.

நாகலூர் எஸ்டேட்டிலிருந்து: கிரேன் இல்லாமல் ஏற்ற முடியுமா?

முடியும். கேம்பரின் நாலு மூலை ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு, ட்ரெய்லரைப் பின்னால் விட வேண்டியதுதான். ஆனால் பிக்கப்பின் பாடி ஜாக்கிக் கால்களுக்கு இடையில் போகும். சரக்கு ட்ரெய்லரில் சக்கரமும் மட்கார்டும் தளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அது இடிக்கும். ட்ரெய்லர் வாங்குவதற்கு முன் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். இடித்தால் ஜாக்கி பிராக்கெட்டை வெளியே தள்ளி மாட்ட வேண்டும், அல்லது ஷெட்டில் செயின் பிளாக் போட்டுத் தூக்க வேண்டும்.

வாழப்பாடி தம்பி: வீட்டில் டிராக்டர் ட்ரெய்லர் சும்மா நிற்கிறது. அதில் வைத்தால்?

வேண்டாம் தம்பி. அதில் பலதுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. ஊர்ச்சாலைக் குழியில் ஒரு மாதம் ஓடினால் கேம்பரின் ஜாயின்ட் எல்லாம் விட்டுப்போகும்.

பல பேர்: ஆர்.டி.ஓ. ஒத்துக்கொள்வாரா?

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் தனி வாகனம், தனிப் பதிவு வேண்டும். அதன் எண்ணை இழுக்கும் வண்டியின் பக்கவாட்டில் காட்ட வேண்டும். இழுக்கும் வண்டியின் எண் ட்ரெய்லரில் இருக்க வேண்டும். பட்டறையில் நாமே அடித்த ட்ரெய்லரைப் பதிவு செய்ய அலைவதைவிட, ஒப்புதல் பெற்ற ட்ரெய்லரை வாங்குவது நிம்மதி. கேம்பரை அதன் மேல் நிரந்தரமாக வெல்டு வைத்தால் 52-ம் பிரிவு வரும்; பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிற பிரிவு அது. டர்ன் பக்கிள் போதும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வேலை தொடங்கும் முன் படத்தைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து: ஏற்காடு ஏறுமா? 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே.

ஏறுவது பிரச்சினை இல்லை. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் பலம் இழக்கும், அவ்வளவுதான். திரும்புவதும் இறங்குவதும்தான் விஷயம்.

கேம்பரின் மேல்படுக்கை முன்னால் நாலு, ஐந்து அடி நீட்டிக்கொண்டிருக்கும். கூர்மையான வளைவில் வண்டியின் பின் மூலை அதில் போய் இடிக்கும். நீட்டலின் நுனிக்கும் ஹிட்ச் பந்துக்கும் நடுவே, இழுக்கும் வண்டியின் அகலத்தில் பாதியும் அதற்கு மேல் ஒரு சாணும் இடைவெளி வேண்டும். வண்டி அகலம் 1.8 மீட்டர் என்றால் 90 செ.மீ., கூட ஒரு சாண். டிராபார் அதற்கேற்ப நீளமாகும். நீளமானால் வளைவில் ட்ரெய்லர் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வெளிப்பக்கம் நன்றாக வாங்கித் திருப்ப வேண்டும். எதிரே பஸ் வந்தால் அதற்கு இடம் இருக்காது. அதனால் சனி, ஞாயிறு வேண்டாம், கோடை விழா நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம்.

இறக்கத்தில், 750 கிலோவுக்கு மேல் போகும் எதையும் தனி பிரேக் இல்லாமல் இழுக்காதீர்கள். ட்ரெய்லர் முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக், நீண்ட இறக்கத்தில் பிடித்தபடியே வந்து சூடேறும். ஏறின கியரிலேயே இறங்குங்கள், வழியில் நிறுத்தி டிரம்மை ஆறவிடுங்கள். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கிய லாரிகள் என்ன ஆயின என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிராபாருக்குக் கீழே இரண்டு பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காக மாட்டுங்கள். ஹிட்ச் கழன்றாலும் முனை தரையில் குத்தாமல் அதில் விழும்.

ஓர் அம்மா: போகும்போது பிள்ளைகள் உள்ளே படுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாதுங்க. காஸ் சிலிண்டரும் ஓடும்போது மூடியிருக்க வேண்டும். காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். தரை மட்டத்தில் வெளியே போக ஒரு துவாரம் விடுங்கள்.

செம்மடுவிலிருந்து: பனியில் கேன்வாஸ் பூசணம் பிடிக்கிறது.

ஈரத்தோடு மடிப்பதால் வருவது. காலையில் கிளம்பும் அவசரத்தில் மடித்தாலும், வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே கூரையைத் தூக்கி வெயிலில் காயவிடுங்கள். இரவில் மேல்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் மூச்சுக்காற்று நீராகி உள்ளே வழிவது குறையும்.

கடைசியாக, சங்ககிரியிலிருந்து: ரிவர்ஸ் எடுக்கவே வரவில்லை அண்ணே.

ஸ்டீயரிங்கின் கீழ்ப்பகுதியைப் பிடியுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. ஓவர்ரன் பிரேக் இருந்தால், பின்னால் போகும்போது அது பிடிக்காமல் தடுக்கிற ரிவர்ஸ் லாக்கைப் போட்டீர்களா என்று பாருங்கள். பல பேருக்கு வண்டி நகராததற்குக் காரணமே அதைப் போடாததுதான்.