மலேரியா திரும்பி வந்தது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு வயது 28. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். ஜூலையில் அவனுக்கு மலேரியா வந்தது. ரத்தப் பரிசோதனையில் ‘வைவாக்ஸ்’ என்றார்கள். 3 நாள் மாத்திரையில் காய்ச்சல் விட்டுவிட்டது. அடுத்து 14 நாளைக்குக் கொடுத்த மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று 5 நாளோடு நிறுத்திவிட்டான். இப்போது செப்டம்பரில் மறுபடியும் அதே குளிர்காய்ச்சல், அதே வைவாக்ஸ். மறுபடி கொசு கடித்திருக்குமா? மருமகள் 4 மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று மகனின் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறேன். என்ன செய்வது டாக்டர்?

பதில்: அம்மா, முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் பழையபடி சேர்த்து வையுங்கள். எச்சில், தும்மல், தொடுதல் எதனாலும் மலேரியா பரவாது. ஒரே அறையில் படுத்தாலும் பரவாது, நடுவில் கொசு இல்லாதவரை. ரத்தம் ஏற்றும்போதும், அரிதாகத் தாயிடமிருந்து கருவுக்கும் போகலாம். மற்றபடி கொசுதான் வழி.

உங்கள் மகனுக்கு மறுபடி கொசு கடித்திருக்கலாம், அதை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஜூலையில் வந்த கிருமியே திரும்பி வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மலேரியாக் கிருமி பாக்டீரியாவோ வைரஸோ அல்ல. ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. கொசு கடித்ததும் அது நேரே கல்லீரலுக்குப் போகிறது, அங்கே பெருகிய பிறகே ரத்தச் சிவப்பணுக்களில் புகுகிறது. வைவாக்ஸ் வகையில் ஒரு பங்கு மட்டும் பெருகாமல் கல்லீரலிலேயே உறங்கிவிடும். வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து ரத்தத்துக்கு வரும். உறங்கும்போது எந்த ரத்தப் பரிசோதனையிலும் அகப்படாது.

முதல் 3 நாள் கொடுத்தது குளோரோகுவின். அது ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொன்றது, காய்ச்சல் நின்றது. கல்லீரலில் உறங்கும் கிருமியை அது தொடாது. அதற்குத்தான் 14 நாள் ப்ரைமாகுவின். காய்ச்சல் இல்லாத உடம்புக்கு இத்தனை நாள் மாத்திரை எதற்கு என்று பலரும் பாதியில் விடுகிறார்கள். நம் நாட்டிலேயே ஒரு காலத்தில் 5 நாள்தான் கொடுத்தார்கள். அது மலேரியா திரும்புவதைத் தடுக்கவில்லை என்று தெரிந்த பிறகே 14 நாளாக்கினார்கள். ஆகவே 5 நாள் சாப்பிட்டது பலன் தராது. மீதியிருக்கும் 9 நாள் மாத்திரையை இப்போது எடுத்து விழுங்கவும் வேண்டாம். மருத்துவரிடம் போய் குளோரோகுவினோடு சேர்த்து முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஜி-6-பி-டி பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ப்ரைமாகுவின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இது பிறவியிலேயே வரும் குறை, ஆண்களிடம்தான் அதிகம். குறை இல்லையென்றால் பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 15 மி.கி.; எடையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். வயிற்றைப் புரட்டியதாகச் சொன்னீர்களே, வெறும் வயிற்றில் போட்டிருப்பார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் தாங்கும். சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்கள் மருமகள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. கர்ப்பத்தில் மலேரியா வந்தால் ரத்தசோகை, கருச்சிதைவு, குழந்தை எடை குறைவாகப் பிறப்பது என்று எல்லாமே வரக்கூடும். ப்ரைமாகுவினும் கர்ப்பத்தில் கொடுக்கக் கூடாது, பிரசவம் வரை காத்திருக்க வேண்டும். குளோரோகுவின் கொடுக்கலாம். எனவே காய்ச்சல் என்றால் ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ரத்தம் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியாப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை.

கர்ப்பிணிக்குக் கொசுவலை கட்டிவிட்டு, காய்ச்சல்காரரை வெளியே படுக்க வைக்கிறார்கள். இது தவறு. உங்கள் மகனின் ரத்தத்தைக் குடிக்கும் கொசுவுக்குள் கிருமி சுமார் 10 நாளில் முதிர்ந்துவிடும். அதன் பிறகு அந்தக் கொசு கடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஆபத்து. காய்ச்சல்காரர்தான் முதலில் வலைக்குள் போக வேண்டும்.

சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசுவின் பெயர் அனாபிலஸ் ஸ்டீபன்சி. சாக்கடையைத் திட்டிப் பயனில்லை, இது நல்ல தண்ணீரில் வளர்வது. கிணறும் மூடாத மொட்டைமாடித் தொட்டியும் இதற்குப் போதும். பகலில் ஒரு டார்ச்சோடு மாடியேறி உங்கள் தொட்டியைப் பாருங்கள். அனாபிலஸ் புழு நீர்மட்டத்தில் படுத்தாற்போல் கிடக்கும், நிழல் பட்டால் சட்டென்று உள்ளே இறங்கும். மற்றக் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். எந்தப் புழு இருந்தாலும் தண்ணீரை வடித்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, இடுக்கில்லாமல் மூடுங்கள். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை பார்ப்பது அவசியம். கிணற்றுக்குச் சிறுகண் வலை போடலாம். பக்கத்து வீட்டுத் தொட்டியில் மூடி இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், அந்தக் கொசுவும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

ஒருவர்தானே என்று விடக்கூடிய நோயல்ல இது. இலங்கையில் 1963-ல் ஆண்டு முழுவதும் 17 பேருக்கே மலேரியா இருந்தது. கண்காணிப்பு தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோரைத் தாக்கியது. 2016-ல்தான் அங்கே மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

மகன் இப்போதைக்கு ரத்த தானம் செய்யக் கூடாது. பிறகு செய்யும்போதும் மலேரியா வந்ததை ரத்த வங்கியில் சொல்ல வேண்டும். 14 நாளும் முடித்த பிறகு, ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும் ஜூலை, செப்டம்பர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.