அம்மா திரும்பிப் பாக்கக் கூடாதுங்க: மாற்றுத்திறனாளி விளையாட்டு, கேள்வி பதில்

பதில் சொல்பவர்: கோவையில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி தரும் உடற்கல்வி ஆசிரியர்.

பையனுக்கு மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலிதான். கையில பந்தே நிக்காது. ஆடறதுக்கு ஏதாச்சும் இருக்குங்களா சார்? (ஒரு அம்மா, கோபி)

இருக்குதுங்கம்மா, போச்சியா. 1984-ல இருந்து பாராலிம்பிக்ல ஆடறாங்க. முதல்ல வெள்ளைப் பந்து ஒண்ணு போகும். அப்புறம் சிவப்பு ஆறு, நீலம் ஆறு. வெள்ளைக்கு யாரோட பந்து ரொம்பக் கிட்ட நிக்குதோ அவங்களுக்குப் புள்ளி. பந்து 275 கிராம் சுமாருக்கு மெத்துனு இருக்கும், கண்டபடி ஓடாது.

பிடிக்க முடியாதவங்களுக்குப் பந்தை உருட்டி விடச் சரிவுப் பலகை உண்டு. தலையில கட்டுன கோலாலகூடப் பந்தை விடலாம். துணையாள் நீங்களே உக்காரலாம், ஆனா களத்துக்கு முதுகைக் காட்டித்தான். பலகையை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பணும்னு பையன்தான் சொல்லோணும், நீங்க திரும்பிப் பாக்கவே கூடாது. பசங்க ஆட்டத்தை ஒரே வாரத்துல பிடிச்சுக்குவாங்க, இது அம்மாக்களுக்குத்தான் கஷ்டம்!

வீட்டுல பழக நாலு இஞ்ச் பைப்பை நெடுக்குவாக்குல பிளந்துக்குங்க, அதுதான் சரிவுப் பலகை. பனியன் துணியில கம்பு தானியம் நிரப்பித் தெச்சா பந்து. களம் 12.5 மீட்டருக்கு 6. அவ்வளவு இல்லாட்டியும் வாசல் போதும்.

கண்ணு தெரியாது. பாக்கறவங்களோட செஸ் ஆட முடியுமா? (மாணவி, ஈரோடு)

தாராளமா ஆடலாம் அம்மிணி. உங்களுக்குத் தனிப் பலகை. கறுப்புக் கட்டம் மேடா இருக்கும், கறுப்புக் காய் தலையில ஒரு முனை இருக்கும், எல்லாக் காயும் துளையில சொருகி நிக்கும். நகர்த்தலை ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லோணும். தொட்ட காயை நகர்த்தியே ஆகோணும்னு செஸ்ல விதி; ஆனா உங்களுக்குத் தடவிப் பாக்கறது 'தொட்டது' ஆகாது, துளையில இருந்து எடுத்தாத்தான் கணக்கு. எதிராளி வம்பு பண்ணுனா இந்த விதியைச் சொல்லுங்க.

மகளுக்குக் காது கேக்காது, நல்லா ஓடுவா. பாராலிம்பிக் போலாமா? (சேலம்)

அதுல காது கேளாதவங்களுக்குப் பிரிவு இல்லைங்க. அவங்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ், 1924-லேயே தொடங்குனது. ரெண்டுல கொஞ்சம் நல்லாக் கேக்கற காதுலயும் குறைஞ்சது 55 டெசிபெல் குறை இருக்கோணும். ஓடறப்ப காது மிஷினைக் கழட்டீரணும்.

கிணத்துல நீந்தி வளந்தவன். விபத்துல முழங்காலுக்கு மேல கால் போயிருச்சு. மறுபடி நீந்தலாமுங்களா? (திருப்பூர்)

புண்ணு முழுசா ஆறி, டாக்டர் சரின்னா நீந்தலாம். செயற்கைக் கால் வேண்டாம், போட்டியிலயே அதுக்கு அனுமதி இல்லை. மொத நாள் உடம்பு ஒரு பக்கமா உருளும், பயந்துக்காதீங்க. மல்லாக்க மிதந்து அந்த எடைக் கணக்கைப் பழகுங்க. கிணறு மட்டும் இப்பத்திக்கு வேண்டாம். தண்ணிக்கு நீங்க பயப்படப் போறதில்லை, ஈரப் படியில ஒத்தைக் கால்ல ஏறறதுதான் ஆபத்து. கைப்பிடி இருக்கற நீச்சல் குளத்துக்குப் போங்க. ஊன்றுகோல் அடி ரப்பர் தேஞ்சிருந்தா மாத்தீருங்க.

வயசு 45, போலியோ. விளையாட்டுன்னாலே 'மாரியப்பனப் பாரு'ங்கறாங்க. எனக்குப் பொழுது போனாப் போதுமுங்க. (கரூர்)

நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-ல ரியோ பாராலிம்பிக்ல உயரம் தாண்டுதல்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்குனது நமக்கெல்லாம் பெருமைதான். அதுக்காக நீங்க எதுக்குங்க தாண்டோணும்? கேரம், தாயம், புறா வளக்கறது, எது புடிக்குதோ அது. வேர்க்க ஆடணும்னா உக்காந்துக்கிட்டே டேபிள் டென்னிஸ் ஆடலாம். ஒண்ணு மட்டும்: இன்னைக்கு ஆடுன அசதி நாளைக்கும் போகலைன்னா, ஆட்டத்தைப் பாதியாக் குறைச்சுக்குங்க. போலியோ வந்த தசையை வருத்திப் பலப்படுத்த முடியாதுங்க.