ஏற்காட்டு விடுதியில் விட்டுவிடலாமா?

மேடம், வணக்கம். நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டை. கணவருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவில் பதிந்து, போன வருடம் எட்டு வயதுப் பெண்ணைத் தத்தெடுத்தோம். கலெக்டர் உத்தரவும் வந்துவிட்டது. முதல் இரண்டு மாதம் அவ்வளவு சமர்த்து. இப்போது எதற்கெடுத்தாலும் பொய், அடம். தலையணை உறைக்குள் தட்டுவடையை ஒளித்துவைக்கிறாள். எறும்பு மொய்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது. அவரிடம் செல்லம், என்னிடம் முறைப்பு. "கூட்டிவந்த இடத்திலேயே விட்டுடுங்க" என்கிறார் மாமியார். ஏற்காட்டில் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம் என்கிறார் கணவர். எனக்கு அவள்மேல் பாசமே வரவில்லை. இதை வெளியில் சொல்ல முடியுமா?
- ஒரு வாசகி

சகோதரி, தாராளமாகச் சொல்லலாம். பத்து மாதம் சுமந்தவர்களிலேயே சிலருக்குப் பாசம் உடனே வருவதில்லை.

அந்த முதல் இரண்டு மாதம் அவள் விருந்தாளியாக இருந்திருக்கிறாள். இப்போதுதான், 'இவ்வளவு செய்தாலும் வைத்துக்கொள்வார்களா' என்று பார்க்கிறாள். ஓர் அம்மாவை இழந்த பிள்ளை, அடுத்த அம்மாவிடம்தான் அதிகம் முரண்டு பிடிக்கும்.

ஒளித்துவைப்பதைத் திருட்டாக நினைக்காதீர்கள். மூடி போட்ட டப்பா ஒன்றை அவளுக்கென்றே கைக்கெட்டும் அலமாரியில் வையுங்கள். கேட்காமல் எடுக்கலாம், தீர்ந்தால் நீங்களே நிரப்புங்கள். கணக்குக் கேட்காதீர்கள்.

ஏற்காட்டில் நல்ல பள்ளிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இல்லத்தில் வளர்ந்தவளை இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கூட்டிப்போய், மறுபடி வரிசைக் கட்டிலிலும் மணியடித்தால் சாப்பாட்டிலும் விட்டால், திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள். இப்போதைக்கு வேண்டாம்.

பிள்ளையை ஒப்படைத்த நாளிலிருந்து 2 ஆண்டுகள், 6 மாதத்துக்கு ஒருமுறை தத்து மையத்தார் நிலைமையைப் பார்க்க வேண்டும். அவர்கள் வந்தபோது, எல்லாம் நல்லா போகுது என்று காபி கொடுத்து அனுப்பியிருப்பீர்கள்! அடுத்த முறை உள்ளதைச் சொல்லுங்கள், ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

நிஜமாகவே முடியாமல் போகும் குடும்பங்களும் உண்டு. அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உத்தரவு வந்தபின் அவள் சட்டப்படி உங்கள் பெண். ரத்து செய்வதென்றாலும் தத்து மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் கலெக்டரிடம்தான் போக வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் சத்தமில்லாமல் விட்டுவருவதெல்லாம் கூடவே கூடாது. உங்கள் கடிதத்தைப் படித்தவரை, நீங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை.

அப்புறம், மாமியாரிடம் உங்கள் கணவர்தான் பேச வேண்டும். அந்தப் பேச்சு பிள்ளையின் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தால், இருவரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னை எங்கேயும் அனுப்பமாட்டோம்" என்று சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் நம்பமாட்டாள்.