குறைமாதக் குழந்தைக்கு மறுபடியும் கண் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மகன் 30-ஆவது வாரத்தில், 1,300 கிராம் எடையுடன் பிறந்தான். சில நாள்கள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். நான்காம் வாரம் கண்ணைப் பரிசோதித்த மருத்துவர், விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளரவில்லை என்றும் இரண்டு வாரத்தில் மறுபடியும் வரவேண்டும் என்றும் சொன்னார். அன்று குழந்தை வீறிட்டு அழுததைப் பார்த்த என் மாமியார், "வெளிச்சம் பட்டால் கண்ணைச் சுருக்குகிறானே, கொஞ்சம் எடை கூடட்டும், பிறகு போகலாம்" என்கிறார். தள்ளிப்போடலாமா?
- ஒரு வாசகி

பதில்: தள்ளிப்போடாதீர்கள். சொன்ன தேதிக்கே அழைத்துச் செல்லுங்கள்.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கருவின் 16-ஆவது வாரத்தையொட்டி, பார்வை நரம்பு தொடங்கும் இடத்திலிருந்து ஓரங்களை நோக்கிப் படரத் தொடங்குகின்றன; கடைசி ஓரத்தை எட்ட ஏறக்குறைய 40 வாரமாகும். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்குக் கருப்பையில் இருந்ததைவிட அதிக ஆக்சிஜன் கிடைப்பதால் அந்த வளர்ச்சி தடைப்படுகிறது. சில வாரங்கள் கழித்து, ரத்தம் எட்டாத பகுதி ஆக்சிஜன் போதாமல் புதுக் குழாய்களைத் தூண்டும் புரதத்தை அளவுமீறிச் சுரக்க, தாறுமாறாக முளைக்கும் அந்தக் குழாய்கள் கசிந்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும். குறைமாத விழித்திரை நோய் (ஆர்.ஓ.பி.) எனப்படும் இது பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் யாருக்குச் சரியாகும், யாருக்கு முற்றும் என்பதைக் கண்ணுக்குள் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. கருக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நோய் பெரும்பாலும் 36, 37 வாரங்களையொட்டித்தான் தீவிரமடைகிறது. உங்கள் மகனுக்கு மருத்துவர் குறித்த தேதியில் சரியாக 36 வாரம் ஆகிறது!

வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குவதை வைத்து விழித்திரை நலமாக இருக்கிறது என்று முடிவுசெய்ய இயலாது. நோய் தொடங்கும்போது வெளியில் எந்த அறிகுறியும் இராது. கண்பாவை வெள்ளையாகத் தெரியும்போது விழித்திரை பெரும்பாலும் பிரிந்திருக்கும். அதன்பின் அறுவை சிகிச்சை செய்தாலும் நல்ல பார்வை கிடைப்பது அரிது. உரிய நேரத்தில் கண்டறிந்தால் லேசராலோ கண்ணுக்குள் செலுத்தும் ஊசியாலோ பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு மிக அதிகம். தேவையென்று தெரிந்தால் இரண்டு மூன்று நாள்களுக்குள் அதைச் செய்தாக வேண்டும் என்பதால்தான் மருத்துவர்கள் தேதியில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள்.

உங்கள் மாமியாரின் கவலையும் நியாயமானதே. இமைகளை விலக்கிப் பிடிக்கும் சிறு கருவி குழந்தைக்கு வேதனைதான். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விடுவார்களா என்று கேளுங்கள். துணியில் இதமாகச் சுற்றி, சில துளி தாய்ப்பாலோ மருத்துவமனையில் தரும் சர்க்கரைக் கரைசலோ நாக்கில் விட்டால் அழுகை குறையும். வாந்தியைத் தவிர்க்க, பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள். கண் சிவப்பு ஓரிரு நாளில் மறைந்துவிடும்.

குழாய்கள் முழுமையாக வளர்ந்துவிட்டன என்று மருத்துவர் சொல்லும்வரை இந்தப் பரிசோதனை தொடரும். அதன் பிறகும், குறைமாதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் கண்களைக் காட்டி வாருங்கள்.