முதல் பஸ் எத்தனை மணிக்கு? வேலைக்குப் போய் வரும் வழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பிலிருந்து நானும் எங்கள் பிளாக் பெண்களும் அடையாறு, மயிலாப்பூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிறோம். காலை ஆறரைக்கு முதல் வீட்டில் இருக்க வேண்டும். பெண்களுக்கு பஸ் இலவசம்தான். ஆனால் அந்த நேரத்துக்கு வெள்ளை போர்டு, அதாவது இலவசமாக ஏறக்கூடிய சாதாரணக் கட்டண பஸ், கிடைப்பது அரிது. ஷேர் ஆட்டோவுக்கே தினம் 40 ரூபாய் போகிறது. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?
- வாசகி, பெரும்பாக்கம்

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. உங்கள் கணக்கைப் பாருங்கள்: 40 ரூபாய் வீதம் 26 நாளைக்கு 1,040 ரூபாய். மிச்சமானதெல்லாம் ஷேர் ஆட்டோவில் போய்விடுகிறது. கட்டணத்தைக் குறைத்தால் மட்டும் போதாது என்று சொல்ல இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது ஐந்தே காலுக்கு ஒரு பஸ்.

மனுவில் பலர் செய்யும் பிழை, ‘எங்கள் பகுதிக்குக் கூடுதல் பேருந்து வேண்டும்’ என்று பொதுவாக எழுதுவது. கூடுதல் பஸ் என்றால் புது வண்டி, இரண்டு ஷிப்டுக்கும் ஓட்டுநர், நடத்துநர் என்று செலவு ஏறும். பதில் ‘பரிசீலிக்கப்படும்’ என்பதோடு நிற்கும். அதற்குப் பதிலாக நேர மாற்றம் கேளுங்கள். 5.45-க்குக் கிளம்பும் நடையை (ட்ரிப்பை) 5.15-க்கு மாற்றுவது பஸ் பணிமனையின் கிளை மேலாளர் அளவிலேயே பேசத் தொடங்கக்கூடிய விஷயம்.

முதல் பஸ் ஏன் தாமதமாகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பணிமனை தூரத்தில் இருந்தால் வண்டி அங்கிருந்து காலியாக ஓடி வந்துதான் முதல் நடையைத் தொடங்கும். ஓட்டுநரும் நடத்துநரும் அதற்கு முன்பே பணிமனைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். ஒரு வண்டியை இரவே உங்கள் முனையத்தில் நிறுத்திவைத்தால், அதாவது நைட் ஹால்ட் கொடுத்தால், அந்தக் காலி ஓட்டம் இல்லாமல் போகும். ஆனால் ஊழியர் படுக்க அறை, கழிப்பறை, வண்டிக்குப் பாதுகாப்பு மூன்றும் அங்கே இருக்க வேண்டும். பெரும்பாக்கத்தில் 2025 ஆகஸ்டில் மின்பேருந்துப் பணிமனையே தொடங்கிவிட்டது. ‘பணிமனை பக்கத்திலேயே இருக்கும்போது அதிகாலை நடை ஏன் முடியாது?’ என்ற கேள்வி உங்கள் மனுவில் கட்டாயம் இருக்கட்டும்.

மனுவோடு ஒரு கணக்கும் போக வேண்டும். ஆறு வேலை நாள், காலை 4.30 முதல் 7 வரை, இரண்டு பேர் முறைவைத்து நிறுத்தத்தில் நின்று எழுதுங்கள். எந்தத் தட எண் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், ஏற முடியாமல் எத்தனை பேர் நின்றார்கள், ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் போனார்கள். இதைக் கால் மணிக்கு ஒரு வரியாகப் பிரியுங்கள். எங்கே போகிறார்கள் என்பதையும் பிரிக்க வேண்டும். ‘200 பேர் தவிக்கிறோம்’ என்பதைவிட, ‘5.00 முதல் 5.15-க்குள் அடையாறு திசைக்கு மட்டும் 45 பேர்’ என்பதற்கே வலு அதிகம். 45 பேர் என்றால் ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் இருக்கைகள் நிறைந்துவிடும். கால அட்டவணை போடுபவருக்கு அந்தக் கணக்கு உடனே புரியும்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். உங்கள் தட எண்ணைக் குறிப்பிட்டு, கடந்த மூன்று மாதத்தில் காலை 7 மணிக்கு முன் திட்டமிட்ட நடைகள் எத்தனை, இயக்கியவை எத்தனை, ரத்தானவை எத்தனை என்று நாள்வாரியாகக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அட்டவணையில் 5.15 இருந்து, அது அடிக்கடி ரத்தாகிறது என்று தெரிந்தால் உங்கள் கோரிக்கையே மாறிவிடும்: புது நேரம் வேண்டாம், இருக்கும் நடையைத் தவறாமல் ஓட்டுங்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

மனு கிளை மேலாளருக்கு, நகல் மாநகரப் போக்குவரத்துக் கழக மேலாண்மை இயக்குநருக்கும் உங்கள் பகுதி மக்கள் பிரதிநிதிக்கும். அன்றன்றைய புகாருக்கு மாநகரப் பேருந்தின் 149 என்ற எண் இருக்கிறது. தட எண், நிறுத்தம், நேரம் மூன்றையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்துவைத்து மனுவில் சேருங்கள்.

அதுவரை என்ன செய்வது? உங்கள் நேரத்துக்கு டீலக்ஸ் பஸ்தான் வருகிறது என்றால், 1,000 ரூபாய் மாத பாஸ் குளிர்சாதனம் இல்லாத எல்லா மாநகரப் பேருந்துகளுக்கும் செல்லும். 1,040 ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுப்பதைவிட அது மேல். காலையில் மட்டும்தான் டீலக்ஸ், மாலையில் வெள்ளை போர்டு கிடைக்கிறது என்றால், காலைக்கான டிக்கெட் 26 நாளைக்கு 1,000-ஐத் தாண்டுகிறதா என்று பெருக்கிப் பார்த்த பிறகே பாஸ் எடுங்கள்.

என் மகன் அதிகாலை ஷிப்டுக்கு பைக்கில் போகும்போது விழுந்து காலில் எலும்பு முறிவு. ‘மில்லுக்குள் நடக்கவில்லை, அதனால் சாதாரண உடல்நலக் குறைவு விடுப்புதான்’ என்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு.
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

அவர்கள் சொல்வது சரியில்லை. 2010-ல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் கொண்டுவந்த திருத்தப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து திரும்பும்போதோ நடக்கும் விபத்தும் பணியின் காரணமாக நடந்ததாகவே கொள்ளப்படும். நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்தி வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

பெயர் மாறினால் பணம் மாறும். உடல்நலக் குறைவு என்று எழுதினால் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரை, போதிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் மட்டும். பணியிட விபத்து என்றால் 90 சதவீதம், குணமாகும் வரை. சந்தா நாள் கணக்கும் பார்ப்பதில்லை. விபத்து நடந்த நாளைத் தவிர்த்து மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாத நிலை இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலில் நிரந்தரக் குறை தங்கிவிட்டால் மருத்துவக் குழு மதிப்பிட்டு ஆயுளுக்கும் தொகை கிடைக்கும். அந்த வழியெல்லாம் திறப்பது விபத்து அறிக்கைதான்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் ஆஸ்பத்திரி. வலியில் இருப்பவர் ‘பைக்கிலிருந்து விழுந்துட்டேன்’ என்று மட்டும் சொல்வார், விபத்துப் பதிவேட்டிலும் அதுதான் ஏறும். ‘ஷிப்டுக்குப் போகும் வழியில்’ என்ற சொற்களும் நேரமும் இடமும் அதில் இருக்கிறதா என்று நகல் வாங்கிப் பாருங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில், பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ தெரிவியுங்கள். விபத்து அறிக்கையை ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் பதிய வேண்டியது நிறுவனத்தின் கடமை. அவர்கள் செய்யவில்லை என்றால் அதே ஆவணங்களோடு நேராக ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலக மேலாளரிடம் போங்கள். அன்றைய ஷிப்ட் எத்தனை மணிக்கு என்று காட்டும் பட்டியலின் படம் ஒன்று செல்போனில் இருந்தால் பெரிய உதவி. வழக்கமான பாதையை விட்டு வேறு காரியமாகச் சுற்றிப் போயிருந்தால் மட்டும் உரிமை பலவீனமாகும்.

ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரகடம் பக்கம் வேலை. கம்பெனி பஸ்ஸுக்கு என்று சம்பளத்தில் பிடிக்கிறார்கள். விடுப்பு எடுத்த நாளுக்கும் பிடித்தம். இது சரியா?
- வாசகர், வாலாஜாபாத்

எல்லாத் தொழிலாளிக்கும் பஸ் விட வேண்டும் என்று சட்டம் இல்லை. இரவு ஷிப்டில் பெண்களை வைத்தால் வண்டி ஏற்பாடு கட்டாயம், அது தனி. பஸ் விட்டால், நீங்கள் ஏற்றுக்கொண்ட ஒரு வசதி என்ற முறையில் அதற்குப் பிடித்தம் செய்யலாம். ஆனால் பிடித்தம் அந்த வசதியின் மதிப்பைத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. சம்பளச் சீட்டில் ‘இதர பிடித்தம்’ என்று போட்டிருந்தால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். மாதத் தொகையா, நாள் கணக்கா என்பது நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு.

எங்கள் பனியன் யூனிட்டுக்கு 22 பெண்கள் 18 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமங்களிலிருந்து வருகிறார்கள். பஸ் நேரம் ஒத்துவராததால் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். வேன் வைத்தால் கட்டுப்படியாகுமா?
- சிறு உற்பத்தியாளர், திருப்பூர் மாவட்டம்

ஆகும். ஆனால் வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே ஆகும். வேன் உங்கள் யூனிட்டில் நின்றால் காலையில் 18 கிலோமீட்டர் காலியாகப் போய், ஆட்களோடு 18 திரும்ப வேண்டும், மாலையிலும் அதேபோல். மொத்தம் 72. கிராமத்து முனையில் இருக்கும் ஓட்டுநரை அமர்த்தி, வண்டி இரவிலும் பகலிலும் இருக்கும் இடத்திலேயே நிற்கட்டும் என்றால் 36 கிலோமீட்டர்தான். லிட்டருக்கு 8 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால், நாளுக்கு 414 ரூபாயும் 26 நாளைக்கு 10,764 ரூபாயும் மிச்சம். பகலில் ஓட்டுநருக்கு யூனிட்டிலேயே பண்டல் கட்டும் வேலையோ வேறு வேலையோ கொடுங்கள். ஓட்டுகிற நேரத்தையும் சேர்த்து அவருக்கு வேலை நேரம் கணக்கிட வேண்டும். தூக்கமில்லாத ஓட்டுநரிடம் 22 உயிர்களை ஒப்படைக்கக் கூடாது.

வீட்டு வாசலில் ஏற்றாதீர்கள். ஒரு நிறுத்தத்துக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் 22 வாசலுக்கு 33 நிமிடம். ஆறு அல்லது ஏழு இடம் போதும். விளக்கு எரியும் இடமாக, கடை திறந்திருக்கும் இடமாகப் பாருங்கள். இரவில் இறக்கும்போது மட்டும் இந்த விதியைத் தளர்த்தி வீட்டருகே விடுங்கள். கடைசியாக இறங்குபவர் தனியாக ஒரு பெண்ணாக இல்லாதபடி வரிசை போடுங்கள். வேன் தாமதமானால் அரை நாள் சம்பளம் வெட்டுவதில்லை என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் வேன் இருந்தும் ஆட்கள் நின்றுபோவார்கள்.

அனுமதி விஷயம்: சொந்த வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 76-ம் பிரிவின்படி தனியார் சேவை வாகன அனுமதி. அதில் ஆட்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வாடகை வண்டி என்றால் ஒப்பந்த ஊர்தி அனுமதி உள்ளதா, தகுதிச் சான்று நடப்பில் உள்ளதா, காப்பீடு எத்தனை இருக்கைக்கு என்று பாருங்கள். 12 இருக்கைக் காப்பீட்டில் 22 பேரை ஏற்றினால் ஆபத்து நேரத்தில் வழக்குதான் மிஞ்சும்.

சரக்கு வண்டியில் பலகை போட்டு உட்காரவைத்து அழைத்து வரும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சரக்கு வாகனக் காப்பீடு பொருளின் சொந்தக்காரரையோ அவருடைய பிரதிநிதியையோதான் காக்கும். பின்னால் உட்கார்ந்து வருபவர்களுக்கு அது பேசாது.

தினமும் மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை போகிறேன். மாத சீசன் எடுப்பதா, மூன்று மாதமா?
- வாசகர், தாம்பரம்

வேலை நிலையாக இருந்தால் மூன்று மாதம். இரண்டாம் வகுப்பு மாத சீசன் ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணத்தின் கட்டணத்தில் அமைகிறது, அதாவது எட்டாவது நாளே முதல் திரும்பிவிடும். மூன்று மாத சீசன், மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு. கான்ட்ராக்ட் எப்போது முடியும் என்று தெரியாதவர்கள் மாத சீசனோடு நின்றுகொள்ளலாம். மீதி நாளுக்குப் பணம் திரும்பாது.